தீபாவளி நாளில் வேலைக்கு வந்தவர்கள்

தீபாவளி நெருங்கிவிட்டது. முற்பணம் எப்போது, பிள்ளைகளுக்குப் புதுத்துணி எங்கே, கொழும்பில் வேலை செய்யும் மகன் எந்த பஸ்ஸில் வருவான் என்று லயமெங்கும் இதே பேச்சு. அன்று மலையில் கொழுந்து எடுப்பதில்லை. ஆனால் வைத்தியசாலைக்குக் கதவு சாத்தும் நாள் கிடையாது. பிரசவ வலி நல்ல நாள் பார்த்து வருவதில்லை. நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் காலையிலும் ஒரு தாதி இரவுக் கடமை முடித்து அடுத்தவர் வரும்வரை காத்திருப்பார். ஒரு சிற்றூழியர் வார்டைக் கழுவிக்கொண்டிருப்பார். அம்புலன்ஸ் சாரதி அழைப்புக்குக் காத்திருப்பார். அவர்களும் நம்மைப் போன்ற தொழிலாளர்கள். பண்டிகை நாளில் அவர்களுக்கு நாமும் நிர்வாகமும் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதை முன்கூட்டியே பேச விரும்புகிறோம்.

இதைப் பேசும்போது யாழ்ப்பாணத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1977, 1983 கலவரங்களில் விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய நம் உறவுகளுக்கு, பெரிய நோய் என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைதான் கதி. அந்த வைத்தியசாலைக்கு ஒரு தீபாவளி உண்டு. 1987 ஒக்டோபர் 21.

அந்த மாதம் 10ஆம் திகதி இந்திய அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே குடாநாட்டில் சண்டை தொடங்கியிருந்தது. ஊழியர் பலரால் வேலைக்கு வர முடியவில்லை. இருந்தும் ஒரு பகுதியினர் வந்தார்கள். நோயாளரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தங்கினார்கள். வைத்தியசாலைக்குள் ஆயுதத்துடன் நின்றவர்களை வெளியே போகும்படி வைத்தியர்கள் கேட்டதும் பதிவாகியிருக்கிறது. தீபாவளி அன்று முற்பகலில் வெளிநோயாளர் பகுதியில் செல் விழுந்தது. பிற்பகலில் எட்டாம் வார்டில் விழுந்த செல்லில் ஏழு பேர் இறந்தனர். மாலையில் இந்தியப் படையினர் உள்ளே வந்து சுட்டார்கள். உயிர் தப்பியவர்கள் பிணங்களுக்கிடையே அசையாமல் படுத்து இரவைக் கழித்தார்கள். மறுநாள் காலை, பிள்ளைநல வைத்திய நிபுணர் டாக்டர் சிவபாதசுந்தரம் தாதியர் சிலருடன் கைகளை உயர்த்தியபடி, தாங்கள் வைத்தியசாலை ஊழியர் என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். அவரையும் சுட்டுக் கொன்றார்கள். டாக்டர் பரிமேலழகர், டாக்டர் கணேசரத்தினம், தாதியர், அம்புலன்ஸ் சாரதி, சிற்றூழியர் என 21 பணியாளர்கள் உயிரிழந்தனர். நோயாளரையும் சேர்த்தால் 60 பேருக்கு மேல். உள்ளேயிருந்து சுட்டதால்தான் திருப்பிச் சுட்டோம் என்று படைத்தரப்பு சொன்னது. உயிர் தப்பிய ஊழியர்கள் அதை ஏற்கவில்லை. இதற்காக எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. ஆண்டுதோறும் ஒக்டோபர் 21 அன்று ஊழியர்கள் தங்கள் சகாக்களுக்கு அதே வளாகத்தில் விளக்கேற்றுகிறார்கள்.

கொல்லப்பட்ட பட்டியலில் நிபுணரும் இருக்கிறார், தரை கழுவியவரும் இருக்கிறார். கடமை நாளில் அவர்களுக்கிடையே பதவி வித்தியாசம் இருக்கவில்லை. நன்றி சொல்லும்போது மட்டும் வைத்தியரோடு நிறுத்திக்கொள்வது நியாயமா?

போர் இல்லாத பண்டிகைக் காலமும் ஆபத்தில்லாத காலமல்ல. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு, போயா தினம். அன்று காலை கடல் பொங்கி வடமராட்சிக் கிழக்குக் கரையை அடித்துச் சென்றது. விடுமுறை நாளில் யார் கடமையில் இருந்தார்களோ அவர்களே முதலில் அந்தச் சுமையைத் தாங்கினார்கள். 2014இல் தீபாவளி முடிந்து ஒரே வாரத்தில், ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து நம் லயங்களை மூடியது. நமது தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது என்பதை நிர்வாகங்கள் மறந்துவிடக் கூடாது.

ஆகவே முதல் கடன், தகவல். பண்டிகைக் கடமைப் பட்டியலை முதல் நாள் மாலை ஒட்டுவது ஊழியரை மதிக்கும் செயலல்ல. குறைந்தது இரண்டு வாரம் முன்பே, அவர்கள் வாசிக்கும் மொழியில் அது கையில் கிடைக்க வேண்டும். எந்த வைத்தியர் இருப்பார், மருந்தும் இரத்தமும் எவ்வளவு கையிருப்பு, எந்தப் பாதை மண்சரிவால் மூடியிருக்கிறது, பஸ் ஓடாத நாளில் வீட்டுக்கு எப்படிப் போவது, கடை பூட்டிய நாளில் சாப்பாடு எங்கே என்பவை எல்லாம் கடைநிலை ஊழியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தோட்ட வைத்திய உத்தியோகத்தர் லீவில் போகிறார் என்றால் அவருக்குப் பதில் யார் என்பதைத் தோட்ட நிர்வாகம் லயம் லயமாக அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது கடன், மதிப்பு. 2020இல் இங்கிலாந்து மக்கள் வியாழக்கிழமை தோறும் வாசலில் நின்று வைத்தியசாலை ஊழியருக்குக் கைதட்டினார்கள். மறு ஆண்டு அரசாங்கம் முன்வைத்த சம்பள உயர்வு ஒரு வீதம். 2022 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாள் முன்பு, அங்குள்ள தாதியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. நம்மை நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் புகழ்ந்தவர்கள், 1000 ரூபா நாட்சம்பளத்தை 2021 வரை இழுத்தடித்தார்கள். புகழ்ச்சியை வைத்து அரிசி வாங்க முடியாது என்பது நமக்குத் தெரியும். விடுமுறை நாளில் கடமை செய்தவருக்கு உரிய கொடுப்பனவு நிலுவையின்றிக் கிடைக்க வேண்டும். இந்த ஆண்டு தீபாவளிக்கு நின்றவருக்கு அடுத்த ஆண்டு தீபாவளி வீட்டில் கிடைக்க வேண்டும். சுகாதாரத் தொழிற்சங்கங்கள் இதைக் கேட்கும்போது நாம் அவர்கள் பக்கம் நிற்போம்.

மிச்சம் நம் கையில் இருக்கிறது. தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் மாதர் அணித் தோழியருக்கும் எமது வேண்டுகோள் இது. பிரசவ நாள் நெருங்கிய தாய்மார் யார் யார் என்பதைப் பண்டிகைக்கு முன்பே மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். கிளினிக் அட்டையும் மருந்துச் சீட்டும் ஓரிடத்தில் இருக்கட்டும். 1990 இலவச அம்புலன்ஸை அழைத்தால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் மூன்றையும் சொல்லுங்கள். பிரதான பாதை முனையில் ஓர் இளைஞரை லைட்டுடன் நிறுத்துங்கள். பட்டாசு வெடிக்கும் பிள்ளை பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். குடித்துவிட்டு யாரும் வார்டுக்குள் போய்த் தாதியிடம் சத்தம் போட விடாதீர்கள். அந்த இரவில் அவர் ஒருவரே முப்பது கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவருடைய பிள்ளையும் வீட்டில் அம்மா இல்லாத தீபாவளியைக் கொண்டாடிக்கொண்டிருக்கலாம்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஒரு பெட்டி பலகாரம் கூடக் கொண்டுபோங்கள். காவலாளி, சிற்றூழியர், தாதி எல்லோருக்கும் கொடுங்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தீபாவளிக்கு முன் தமது பகுதி வைத்தியசாலைக்குச் சென்று, பண்டிகைக் கடமைப் பட்டியல் வெளியாகிவிட்டதா என்று விசாரித்து மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும். வெளியாகாத இடங்களில் நாம் பேச வேண்டியவர்களோடு பேசுவோம்.

அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள். அன்று கடமையில் இருக்கும் தோழர்களுக்கும் தோழியருக்கும் முதல் வாழ்த்து.