உச்சி வெயில்ல மாடு தொழுவத்துக்குத் திரும்புமா?

சூரிய கிரகணம்னா உங்க வீட்ல என்ன நடக்கும்? பாட்டி ஜன்னலைச் சாத்துவாங்க, சாப்பாட்டுல தர்ப்பை போடுவாங்க, உலக்கையை நிறுத்திப் பார்ப்பாங்க. சரி, அந்த நேரத்துல வெளியே நிக்கிற மாடும் காக்காவும் என்ன செய்யுதுன்னு பார்த்திருக்கோமா?

அமெரிக்காவுல பார்த்தாங்க. 1932 ஆகஸ்ட் 31 முழு கிரகணத்தப்போ, வில்லியம் மார்ட்டன் வீலர் என்ற எறும்பு ஆராய்ச்சியாளரும் அவரோட குழுவும் 'பார்த்ததை எழுதி அனுப்புங்க'ன்னு பொதுமக்களைக் கேட்டாங்க. குவிஞ்சது சுமார் 500 குறிப்புகள்!

2017 ஆகஸ்ட் 21-ல இன்னும் சூப்பர். ஸ்கூல் பசங்க உட்பட 400 பேருக்கு மேல சேர்ந்து, 16 இடங்கள்ல பூக்களுக்கு நடுவுல குட்டி மைக் தொங்கவிட்டாங்க. சூரியன் முழுசா மறையற வரைக்கும் தேனீக்கள் பிஸி. மறைஞ்சதும் கப்சிப்! எல்லா இடத்துலயும் சேர்த்து அப்போ பதிவானது ஒரே ஒரு ரீங்காரம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2031 மே 21, புதன்கிழமை. வளைய கிரகணம் தேனி, மதுரை வழியா வருது. 2025-ல ரீல்ஸ்ல கலக்கின நம்ம கூமாப்பட்டி அதுக்குப் பக்கத்துலதான். பிளவக்கல் அணையில கொக்கு, தோப்புல தென்னம்பாளைத் தேனீ, மலையடிவாரத்துல சாம்பல் நிற அணில்... லேப் ரெடி!

ஆனா ஒரு விஷயம். வளைய கிரகணத்துல சூரியன் 90 சதவீதத்துக்கு மேல மறைஞ்சாலும் முழு இருட்டு வராது. அந்த மங்கல் வெளிச்சத்துக்கு நம்ம தேனீ நிறுத்துமா, கண்டுக்காமப் பறக்குமா? அதுதான் கேள்வி. 'ஒண்ணுமே நடக்கலை'ன்னு எழுதினாலும் அது டேட்டாதான் பாஸ்!

செய்ய வேண்டியது சிம்பிள். ஏதாவது ஒரு உயிரினத்தைப் பிடிச்சுக்குங்க. முந்தின நாள், கிரகண நாள், அடுத்த நாள்னு மூணு நாளும் அதே நேரத்துல உட்கார்ந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அது என்ன செய்யுதுன்னு எழுதுங்க. ஏன் மூணு நாள்? மே மாச உச்சி வெயில்ல மாடு எப்படியும் மர நிழலுக்குத்தான் போகும். அதைக் கிரகணத்தோட கணக்குல எழுதிடக் கூடாது இல்லையா? ஒரு எச்சரிக்கை: வளையமா இருந்தாலும் சூரியனை வெறுங்கண்ணால பார்க்கவே கூடாது.

2019 டிசம்பர் 26-ல வளையம் கோவை, திண்டுக்கல் வழியாப் போச்சு. பாதிப் பேர் வீட்டுக்குள்ள, மீதிப் பேர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தோம். தொழுவத்தை எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. 2031-லயும் அப்படியே விட்டுடலாமா?

அன்னிக்கு நீங்க எங்க வேலையில இருந்தாலும் ஒரு லீவைப் போட்டுட்டு வந்துடுங்க. அப்படியே பாட்டியையும் டீம்ல சேர்த்துக்குங்க. மாடு வழக்கமா எப்போ படுக்கும், எப்போ அசை போடும்னு அவங்களுக்குத்தானே தெரியும்!