இதர செலவு - 340 ரூபாய்

நான் பி.காம் படிக்கிறேன். அதனாலேயே எங்கள் சபை வாலிபர் குழுவில் எந்தக் கணக்காக இருந்தாலும் நோட்டு என் கைக்கு வந்துவிடும். போன டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் கணக்கும் அப்படித்தான் வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஆரம்பித்து திருவானைக்கோவில், உறையூர் என்று ராத்திரி ராத்திரியாக வீடு வீடாகப் போய்ப் பாடினோம். காணிக்கை முழுவதும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு.

கடைசி நாள் கூட்டிப் பார்த்தால் 340 ரூபாய் குறைந்தது. எங்கே போனது என்று எனக்கு நன்றாகவே தெரியும். பாடி முடித்து பசங்களோடு டீ, பஜ்ஜி. ஒருநாள் பஸ் கிடைக்காமல் ஆட்டோ. அப்புறம் வைத்துவிடலாம் என்று காணிக்கையிலிருந்து எடுத்தேன், வைக்கவில்லை. "இதர செலவு" என்று ஒரு வரி எழுதினேன். கணக்கு டேலி ஆகிவிட்டது.

"பாடினவங்களுக்கு ஒரு டீ கூட இல்லையாடா?" என்றான் நண்பன். நியாயம்தான். ஆனால் அப்படியென்றால் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு "டீ செலவு" என்றே எழுதியிருக்கலாமே? தப்பு டீயில் இல்லை, அந்த "இதர"வில் இருந்தது.

விசுவாசத்தில் வளரணும் என்றால் நமக்குச் சொல்லப்படுவது: இன்னும் ஜெபம் பண்ணு, உபவாசம் இரு, முகாமுக்கு வா. இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் அந்த நாட்களில் தினமும் ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன், "ஆண்டவரே மன்னியும்" என்று கூட. 340 ரூபாய் மட்டும் என் பாக்கெட்டிலேயே இருந்தது!

என் கருத்து இதுதான். நம் விசுவாசம் ஆழமாகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் கோயில் பெஞ்ச் அல்ல, பணமும் வாக்கும் கைமாறும் இடம். தமிழில் காசுக்கும் நாணயம், நேர்மைக்கும் நாணயம். இயேசுவும் லூக்கா 16ஆம் அதிகாரத்தில் கடன் சீட்டை மாற்றி எழுதச் சொன்ன ஒரு கணக்குப்பிள்ளையின் கதையைச் சொல்லிவிட்டுத்தான், கொஞ்சத்தில் உண்மையாக இருப்பதைப் பற்றிப் பேசுகிறார்.

நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தெப்பக்குளம் பக்கத்தில் 1766ல் கட்டிய கிறிஸ்து ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டியவர் சுவார்ட்ஸ் ஐயர். 1779ல் சென்னையிலிருந்த ஆங்கில அரசு அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. திரும்பும்போது ஹைதர் வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தார். அதைச் சுவார்ட்ஸ் அப்படியே அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றபோது தஞ்சாவூரில் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். அடுத்து வந்த போரில் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம். பணம் வராது என்று பயந்து ராஜாவுக்கே நெல் தர மறுத்த விவசாயிகள், சுவார்ட்ஸ் ஒரு வார்த்தை சொன்னதும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் மதத்தை அவர்கள் ஏற்றார்களோ இல்லையோ, அவர் வாக்கை ஏற்றார்கள். அவருக்கும் வழிச்செலவு, எனக்கும் வழிச்செலவு. யோசித்தால் வெட்கமாக இருந்தது.

ஜனவரியில் பொருளாளர் அண்ணனிடம் 340 ரூபாயைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். கை நடுங்கியது உண்மை. அந்த வரியை அடித்துவிடவா என்று கேட்டேன்.

"அடிக்கக் கூடாது தம்பி. திருத்தி கீழே ஒரு எண்ட்ரி போடு. பி.காம்தானே நீ?"

முதல் வருஷப் பாடம்! தப்பான எண்ட்ரியை அழிக்கக் கூடாது, ரெக்டிஃபிகேஷன் எண்ட்ரி போட வேண்டும். மனந்திரும்புதல் என்றால் என்ன என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த டிசம்பருக்கும் நோட்டு என்னிடம்தான் வரும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். உங்கள் நோட்டிலும் ஒரு "இதர" இருந்தால், இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.