பாதியில் நிற்கும் பழைய கார்... காயலான் கடைக்கா, இன்னொருவர் கைக்கா?

``எடைக்குப் போட்டா எவ்வளவு வரும்னு கொஞ்சம் விசாரிச்சு சொல்லும்மா.''

போன மாதம் பெரியப்பா போனில் இப்படிக் கேட்டபோது, நான் தப்பாகக் காதில் வாங்கிவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் சொன்னது, தாம்பரம் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் 11 வருடங்களாக நிற்கிற `ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரை. ``ரிட்டயர் ஆனதும் நானே ரெடி பண்ணி, மகாபலிபுரம் வரைக்கும் ஓட்டிட்டுப் போவேன்'' என்று சொல்லி வாங்கிய 1970 மாடல் வண்டி. சேஸிஸில் துருவைச் சுரண்டி பிரைமர் அடித்தாயிற்று. இன்ஜின் பிரித்தபடியே கிடக்கிறது. பாகங்கள் எல்லாம் பிஸ்கட் டின்களில். முழங்கால் வலி வந்தபிறகு பெரியப்பா ஷெட் பக்கம் போவதே குறைந்துவிட்டது. இப்போது வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார்கள். ஷெட் காலியாக வேண்டும்.

இந்த மாதிரி பாதியில் நிற்கும் வண்டியை விற்பது, ஓடுகிற வண்டியை விற்பதைவிடக் கஷ்டம். மனசு ஒரு காரணம். இன்னொரு காரணம், சட்டம்.

சொந்த உபயோக காரின் ஆர்.சி, 15 வருடங்களுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடங்களாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு, 20 வயதைத் தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. பணம்கூடப் பரவாயில்லை. புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். இன்ஜின் பிஸ்கட் டின்னில் இருக்கும்போது எதைக் காட்டுவது? பெரியப்பா வண்டியின் ஆர்.சி 2019-லேயே முடிந்துவிட்டது.

பிடிவாதம்தான் விலை

ஒரு வழி இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் வாகன விதிகள்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடங்களைத் தாண்டிய கார், டூவீலர்களை `வின்டேஜ்' எனப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 வருடங்கள் செல்லும். அடுத்த முறை 5,000. ஆனால், அன்றாடம் ஆபீஸுக்கு ஓட்டிப்போக முடியாது. ரேலி, கண்காட்சி, பெட்ரோல், ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். வாடகைக்கும் விடக்கூடாது.

முக்கியமான நிபந்தனை, வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

சென்னையில் ஹெரால்டு தயாரானது 1961 முதல் 1971 வரை. ஆக, கடைசி வண்டிகூட 50-ஐத் தாண்டிவிட்டது. வேலையைத் தொடங்கிய புதிதில் மெக்கானிக் ஒருவர், ``எதுக்கு சார் இந்தத் தொல்லை, ஒரு மாருதி இன்ஜினை இறக்கிடலாம்'' என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. `வீண் பிடிவாதம்' என்று வீட்டில் எல்லோரும் சலித்துக்கொண்டோம். இன்றைக்கு அந்த வண்டிக்கு ஏதாவது மதிப்பு இருக்கிறது என்றால், அந்தப் பிடிவாதத்தால்தான்.

பிரிட்டனில் வேறு கதை

நம் ஹெரால்டு, பிரிட்டனின் `ட்ரையம்ப் ஹெரால்டு'வின் இந்திய வடிவம். அங்கே இதே காரின் தனி சேஸிஸை எடுத்து, மேலே வேறு பாடியை மாட்டி `கிட் கார்' கட்டியவர்கள் உண்டு. உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார்தான் கிட் கார். 1957-ல் வந்த `லோட்டஸ் செவன்' இதில் பிரபலம். முழு காருக்கு இருந்த கொள்முதல் வரி உதிரிகளுக்கு இல்லை என்பதால், பலர் இப்படி வாங்கினார்கள். 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. பழக்கம் போகவில்லை. பாதி கட்டிய காரை `பிராஜெக்ட்' என்று சொல்லியே அங்கு விற்கிறார்கள். வாங்குபவர் கட்டி முடித்து, தனி வாகனத்துக்கான சோதனையில் தேறினால், ரோட்டுக்குக் கொண்டுவரலாம். 2025 ஆகஸ்ட்டில், பழைய கார்களை இருந்தபடியே புதுப்பித்தால் பதிவுத் துறைக்குத் தெரிவிக்கவே வேண்டாம் என்றும் அங்கே விதியைத் தளர்த்தினார்கள்.

இங்கே அப்படி இல்லை. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றி வண்டியை உருமாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதனால் நம் ஊரில் பாதி காரை வாங்குபவர், அதைப் பழையபடி ஆக்கத்தான் முடியும். வேறொன்றாக ஆக்க முடியாது. காகிதமும் அசல் பாகங்களும் இல்லாத பாதி கார், கடைசியில் வெறும் இரும்புதான்.

செலவு வேறு, விலை வேறு

பெரியப்பா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கேஸ்கெட் முதல் உப்புத்தாள் வரை எழுதியிருக்கிறார். மொத்தம் 2,85,000 ரூபாய். ``இதுல பாதியாவது வரணும்ல?'' என்று கேட்டார். வராமலும் போகலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாங்குபவர் கணக்கு வேறு. ஓடும் நிலையில் ஒரு ஹெரால்டு என்ன விலை போகும் என்று பார்ப்பார். அதிலிருந்து பாக்கியுள்ள டிங்கரிங், பெயின்ட், சீட், வயரிங் செலவைக் கழிப்பார். `பிரிச்சுப் பார்த்தா இன்னும் என்னென்ன வருமோ' என்ற பயத்துக்கும் ஒரு தொகையைக் கழிப்பார். மிச்சம்தான் விலை. அந்தப் பயத்தைக் குறைப்பது மட்டும்தான் விற்பவர் கையில் இருக்கிறது. எப்படி?

* ஆர்.சி-யில் உள்ள இன்ஜின், சேஸிஸ் நம்பர்கள் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, போட்டோ எடுத்து வையுங்கள்.

* பாகங்களுக்கு லேபிள் ஒட்டுங்கள். இருப்பவை, இல்லாதவை என இரண்டு பட்டியல் வேண்டும். போல்ட் புதுப்பேட்டையில் கிடைத்துவிடும். விளக்குக் கண்ணாடி, எம்ப்ளம் எல்லாம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

* துருப்பிடித்த இடத்தையும் போட்டோவில் காட்டுங்கள். மறைத்தால், நேரில் வந்ததும் பேச்சு முறிந்துவிடும்.

* ஆர்.சி காலாவதியான வண்டியைப் பெயர் மாற்றுவது சிக்கலான வேலை. அட்வான்ஸ் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விற்றால் 14 நாள்களுக்குள் தகவல் தர வேண்டும். 2018-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, வண்டி கைமாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி-யில் பெயர் உள்ளவர்தான்.

* காயலான் கடைக்கே போடுவதென்றாலும், ஆர்.சி-யை ரத்து செய்ய மறக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை டின்களைத் திறந்து உட்கார்ந்தோம். `இல்லாதவை' பட்டியலைப் பெரியப்பாவே எழுதினார். 23 பொருள்கள். மறுநாள் ஒருவர் வந்து, ஸ்டீயரிங்கும் மீட்டர்களும் மட்டும் போதும், நல்ல ரேட் தருகிறேன் என்றார். பெரியப்பா மறுத்துவிட்டார். இன்னொருவர் பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு, அடுத்த வாரம் தன் மெக்கானிக்கோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். விலை இன்னும் பேசவில்லை. 2,85,000 வராது என்பது பெரியப்பாவுக்கும் இப்போது தெரியும்.

உங்கள் வீட்டு ஷெட்டிலும் இப்படி ஒன்று நிற்கிறதா? காயலான் கடைக்கு போன் போடும் முன், பீரோவைத் திறந்து ஆர்.சி-யைத் தேடுங்கள்.