யாருடைய அமைதி?

‘அமைதியான ஏரியா சார். வயசான ரெண்டு பேருக்கு இதைவிட நல்ல இடம் எட்டயபுரத்துல கிடைக்காது.’

வீட்டுக்காரர் சொன்னதில் பொய்யில்லை. குழாய் இருந்தது. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருந்தது. படி ஏற வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்தே போய்விடலாம். அம்மாவின் முழங்காலைக் கேட்டுக் கட்டிய மாதிரி வீடு. அட்வான்ஸ் பேசி முடித்து எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்: ‘தம்பி தப்பா நினைக்கக் கூடாது. நீங்க என்ன ஆளுக?’

சொன்னேன். மறுநாள் புரோக்கர் வந்தார். ‘அவுக மக வந்து இருக்கப்போகுதாம்.’ இது மூன்றாவது வீடு. முதல் வீட்டுக்கு மகன் வந்தான். இரண்டாவது வீட்டுக்குத் தம்பி வந்தான். நாம் வாடகைக்குக் கேட்டால்தான் இவர்களுடைய சொந்தபந்தமெல்லாம் ஊர் திரும்புகிறது.

அய்யா ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். வேலை பார்த்த காலம் பூராவும் தண்டவாளத்து ஓரத்தில், சரக்கு வண்டிச் சத்தத்துக்குள் தூங்கி எழுந்தவர். ரிட்டயர் ஆகிக் காலனி வீட்டுக்கு வந்தார். முப்பது வீடு இருக்க வேண்டிய இடத்தில் எண்பது வீடு. சுவருக்குச் சுவர் ஒட்டிக்கிடக்கிறது. ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் விழிப்பு. ‘கொஞ்ச நாள் சத்தமில்லாம கண்ண மூடித் தூங்கணும்டா’ என்கிறார். அறுபத்தெட்டு வயசில் ஒரு மனுஷன் கேட்கிற ஆசை இது.

சரி, அந்த ‘அமைதியான’ தெருவுக்கு வருவோம். நாங்கள் வீடு பார்க்கப் போன அன்று தெருமுனைக் கோவிலில் கொடை. குழாய் ரேடியோ காதைக் கிழித்தது. வீட்டுக்காரர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அது அவருக்குச் சத்தமாகப் படவில்லை. சத்தமே இல்லாத, நடக்கவே சிரமப்படுகிற இரண்டு கிழடுகள் குடிவந்தால்தான் அமைதி கெடும்! காது சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை தோழர்களே இது. வாடகை போர்டில் எழுதுகிற ‘அமைதி’, ‘டீசண்ட்’, ‘சைவம் மட்டும்’ எல்லாம் சாதிக்கு மாட்டிய சட்டைகள்.

‘வாடகைக்கு ஏன் அலையணும், பணிக்கொடையில சொந்தமா வாங்குங்களேன்’ என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. நான் வங்கிக் குமாஸ்தா. வீட்டுக்கடன் ஃபைல்கள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. அதே சதுர அடி, அதே சிமெண்ட், அதே கம்பி. காலனிக்குள் இருந்தால் மதிப்பீட்டில் தொகை விழுந்துவிடும். காரணம், ‘விற்றால் வாங்க ஆளில்லை’. யார் வாங்க மாட்டார்கள், ஏன் வாங்க மாட்டார்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அய்யாவின் காலனி வீட்டை விற்று ஊருக்குள் ஒரு குளியலறைகூட வாங்க முடியாது.

‘அப்ப காலனியிலேயே வசதியா இருந்துக்கிடுங்க’ என்பார்கள். இருந்தோமே! இதே மாவட்டத்துக் கொடியன்குளத்தில் வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய காசில் நம் சனங்கள் வீடு கட்டினார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் படை உள்ளே புகுந்து டி.வி., ஃபேன், பாத்திரம் பண்டம் என்று அடித்து நொறுக்கியது. கிணற்றையும் பாழாக்கியது. ஊருக்குள் வந்தால் அமைதி கெடுகிறது. சேரியில் நன்றாக வாழ்ந்தாலும் கெடுகிறது. 1997இல் அரசு சமத்துவபுரம் என்று அறிவித்தது. நூறு வீட்டில் 40 நமக்கு, மீதி மற்றவர்களுக்கு. இருக்கிற ஊருக்குள் நம்மைக் குடியேற்ற முடியாது என்று ஒப்புக்கொண்டுதான் புதுசாக ஊர் கட்டினார்கள்.

நம் தோழர் ஒருவரே சொன்னார்: ‘சாதிய மாத்திச் சொல்லிட்டுப் போயிருங்க. வயசான காலத்துல என்ன போராட்டம்?’ எனக்கும் ஒரு நிமிஷம் சபலம்தான். அய்யாதான் கேட்டார்: ‘அம்பேத்கர் படத்த எங்கடா மாட்ட? நான் செத்தா நம்ம சனம் வந்து மாரடிச்சு அழும்லா, அப்ப என்ன சொல்லுவ?’

அம்பேத்கரே அதைச் செய்து பார்த்தவர்தான். 1917இல் பரோடாவில் அரசு வேலையில் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்துவிட்டார்கள். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய மனிதர் பூங்காவில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்தார். அதே குஜராத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சிறுபான்மைச் சமூகத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தக் கதவு வழியாக எந்தெந்தச் சாதி நுழையும் என்று யோசியுங்கள்.

டிசம்பர் 11 வந்தால் எட்டயபுரத்தில் பாரதிக்கு மாலை மரியாதை. 1947இல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. புதுச்சேரியில் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்ட கதையை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். பூணூல் வேண்டாம் ஐயா. மாசாமாசம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை தருகிறோம், ஒரு வீடு கொடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவு: தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுத்தால் குற்றம். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை சிறை. ‘மக வர்றா’ என்று சொன்னால் எப்படி நிரூபிப்பது? அதே சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படியுங்கள். பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்ட சாதியினர் என்றால், மாறாக நிரூபிக்கும்வரை, தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். நிரூபிக்கிற வேலை அவனுக்கு. இத்தனை வருஷமாக நாம் இதை வாடகை வீட்டுக்காரனிடம் நீட்டியதே இல்லை. வெட்டும் தீயும் நடந்தால்தான் நமக்கு வன்கொடுமை. வீடு இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னால் எழுந்து வந்துவிடுகிறோம். நானும் மூன்று முறை அப்படித்தான் எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலாவது வீடு பார்க்கப் போகிறேன். இரண்டு மாணவத் தோழர்கள் கூட வருகிறார்கள். பேசுவதையெல்லாம் தேதியோடு எழுதிக்கொள்வார்கள். மூன்று நாள் கழித்து வேறொரு சாதிப் பெயரில் இன்னொரு தோழர் அதே வீட்டைக் கேட்பார். உங்கள் ஊரிலும் இதைச் செய்யுங்கள். தெரு, தேதி, சொன்ன காரணம் மூன்றையும் குறித்து நமக்கு அனுப்புங்கள். எத்தனை மகள்கள் ஊர் திரும்பியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம்.