வெள்ளை மாத்திரைக் கைமாற்று



"உங்களுக்கென்ன, குளிர்மையான ஊர்" என்று வன்னிப் பக்கத்துச் சகோதரிகள் எங்களைப் பார்த்துச் சொல்வதுண்டு. உண்மைதான். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே, மலையின் முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர். படத்தில் பார்க்க நல்ல அழகு. ஆனால் படம் எடுக்க வருகிறவர்கள் யாரும் இங்கே துணி துவைத்துக் காயப்போட்டதில்லை.

ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று அடிக்கும். அந்தக் காற்றினால்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை வருகிறதாம். வெளிநாட்டுக்காரர் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். எங்களுக்கு அந்தக் காற்றினால் வருவது, கொடியில் போட்ட மாமியாரின் சேலையை மூன்று லயம் தள்ளிப் போய்த் தேடுகிற வேலை.

ஐப்பசி பிறந்தால் மழை. தை வரைக்கும் வெயில் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பிள்ளைகளின் வெள்ளை யூனிபோம் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும். விடியும்போது காய்ந்திருக்கும், கூடவே கருவாட்டு வாசமும் ஏறியிருக்கும். "அம்மா, பக்கத்துல இருக்கிறவன் மூக்கைப் பொத்துறான்" என்று சின்னவன் அழுதான். "அவன் சட்டையை மோந்து பாரு, அதுவும் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். பின்னேரம் வந்து, "ஆமாம்மா, அவன் நெத்தலிக் கருவாடு" என்றான்.

வீட்டில் ஆறு பேர், குடை இரண்டு. அதில் ஒன்றுக்குக் கம்பி உடைந்துவிட்டது. நல்ல குடை யாருக்கு என்று காலையில் நடக்கிற பேச்சுவார்த்தை பாராளுமன்றத்தில்கூட நடக்காது. கடைசியில் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு போவது யார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம்.

இந்த மழையில்தான் கிளினிக் நாளும் வரும். என் மாமியாருக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கிறது. மாதம் முழுக்க அத்தை என்னிடம் சொல்வார்: "நெஞ்சு படபடங்குது, தலை கிறுகிறுங்குது, காலு ரெண்டும் உளையுது, ராவு பூரா கண்ணு மூடல." விடியற்காலையில் எழுந்து, பஸ் ஏறி, நம்பர் எடுத்து, நனைந்த சேலையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து உள்ளே போனால், டாக்டர் "கொஹொமத அம்மே?" என்று கேட்பார். அத்தை கையைக் கூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "ஹொந்தாய் மாத்தயா" என்பார். நல்லாயிருக்கிறாராம்!

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அந்த டாக்டரு ஒண்ணுமே கேக்கலயே" என்று என்னிடம் குறை சொல்வார்.

இப்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அதிலும் ஒரு கஷ்டம். "ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே அது எந்த மாதிரி என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் நாள் இரவே என்ன வருத்தம், எத்தனை நாளாக, எந்த நேரத்தில் என்று மகளை ஒரு துண்டில் எழுதச் சொல்லிவிடுகிறேன். துண்டைப் பார்த்துச் சொன்னால் ஒன்றும் விட்டுப்போகாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

மழை கூடினால் பஸ் வராது. பாதையில் மண் சரிந்து கிடக்கும். அல்லது அன்றைக்குப் பேர் விட்டால் சம்பளம் போய்விடும் என்று கிளினிக்கை ஒத்திப்போடுவோம். 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று நாட்சம்பளம் கூடுவதற்குள் எத்தனை போராட்டம் நடந்தது! அதில் ஒரு நாளை விட யாருக்கு மனம் வரும்? அதற்குள் மாத்திரை முடிந்துவிடும். உடனே லயத்தில் கைமாற்று தொடங்கும். சீனி, தேங்காய், நெருப்புப் பெட்டி கேட்பது போலத்தான்: "அக்கா, ஒங்ககிட்ட வெள்ளை மாத்திரை இருந்தா நாலு குடுங்க, கிளினிக் போனதும் திருப்பித் தாரேன்."

சகோதரிகளே, வெள்ளை மாத்திரை என்று ஒரு மாத்திரை இல்லை. பிரஷர் மாத்திரையும் வெள்ளையாக இருக்கும், சீனி வருத்தத்து மாத்திரையும் வெள்ளையாக இருக்கும். சில சீனி மாத்திரைகளை, அந்த வருத்தம் இல்லாதவர் குடித்தாலும் சாப்பிடாமல் குடித்தாலும், இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும், மயக்கம் வரும். ஆள் விழித்திருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

பிரஷர் மாத்திரையைத் "தலைச் சுற்று நின்றுவிட்டது" என்று நாமாக நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரை குடிப்பதால்தான் அது நின்றிருக்கிறது.

கிளினிக் நாள் தவறினால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த நாளே கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தின் பெயர், அளவு எல்லாம் அதில் இருக்கும். எந்த ஊர் டாக்டர் பார்த்தாலும் விளங்கும். எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்காரர் சீட்டுக் கணக்கைக் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் சீட்டு யாருக்கு?" என்று கேட்டாராம்.

மழைக்கும் கொப்பிக்கும் இன்னொரு சம்பந்தம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கொஸ்லாந்தையில் மீரியபெத்தை லயங்கள் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும். வெளியேறு என்று சொன்ன பிறகு மாத்திரை தேட நேரம் இருக்காது.

இதை நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு இங்கிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. என் சின்னம்மா மகளும் அப்படிச் சிறுபிள்ளையில் கிளிநொச்சிக்குப் போனவள்தான். 2009இல் இடம்பெயர்ந்த கதையைப் போனில் சொல்லும்போது, "அரிசியை விட்டுட்டு ஓடினேன், சட்டிபானையை விட்டேன், அந்தப் பையை மட்டும் விடல அக்கா" என்றாள். பைக்குள் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் காட், அம்மாவின் மாத்திரை. முகாமில் அந்தக் காட்டைக் காட்டித்தான் சின்னம்மாவுக்கு அதே மருந்தைத் தொடர்ந்து எடுத்தாளாம்.

அவள் சொன்னபடியே நானும் ஒரு பை வைத்திருக்கிறேன். எல்லோருடைய கிளினிக் கொப்பியும், ஒரு வாரத்து மாத்திரையும் தடித்த பொலித்தீனுக்குள் இருக்கிறது. அடையாள அட்டை, சான்றிதழ்களின் போட்டோக் கொப்பி, ஒரு டோர்ச், கொஞ்சம் சீனியும் போட்டிருக்கிறேன். மாதா மாதம் கிளினிக் போய்வந்ததும் பழைய மாத்திரையைக் குடிக்க எடுத்துக்கொண்டு புதியதைப் பையில் வைக்க வேண்டும்.

பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. முதல்நாள் அதைக் கண்ட வீட்டுக்காரர், "என்னா, கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டார். "போனா ஒங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன், அவங்க மாத்திரையும் இதுக்குள்ளதான் இருக்கு" என்றேன். மனிதர் அன்று இரவே உடைந்த குடையின் கம்பியைக் கட்டித் தந்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இந்த வாரமே ஒரு பை தொங்கட்டும். அடுத்த மாதம் சந்திப்போம்.