கேஷ் என்பது காசா, பெட்டியா?



நம் கடைகளில் ஒரு நாளில் அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், 'கேஷ்' என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். கேஷ் பில், கேஷ் புக், கேஷ் கவுண்டர் என்று காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறக்கும் வரை இந்தச் சொல் இல்லாமல் நமக்கு வியாபாரம் நடப்பதில்லை. "ஏனுங்க, கேஷுங்களா, போன்லீங்களா?" என்று கல்லாவில் இருக்கும் பையன் கேட்பது இப்போது சேவூர்க் கடைவீதியில் எல்லாக் கடைகளிலும் கேட்கும் குரல்.

இந்தச் சொல்லைப் பற்றி நம்மிடையே ஒரு பெருமை உலவுகிறது. ஆங்கிலேயனின் 'கேஷ்' நம் 'காசு' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பதே அது. மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. கைப்பேசியில் வந்தால் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். தமிழர்களாகிய நமக்குக் கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனாலும், மூட்டையின் வாயில் தெரியும் பருப்பை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர் நம்மில் யாரும் இல்லை. குத்தூசி போட்டு அடியிலிருந்து நாலு மணி எடுத்துப் பார்த்த பிறகுதான் வாய் திறக்கிறோம். இந்தச் சொல்லுக்கும் ஒரு குத்தூசி போட்டுப் பார்ப்போம்.

இரண்டு சொற்கள், ஒரே ஒலி

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற ஒலியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

முதலாவது, இன்று உலகம் முழுவதும் கைரொக்கம் என்ற பொருளில் வழங்கும் 'கேஷ்'. இதன் மூலம் லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் 'காப்ஸா'. அது இத்தாலியில் 'காஸா' என்றும் பிரான்சில் 'கேஸ்' என்றும் ஆகி, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போயிற்று. தொடக்கத்தில் அதற்குப் பணப்பெட்டி என்றே பொருள். நாளடைவில் பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஆகிவிட்டது. பெட்டியைக் காப்பவர் கேஷியர் ஆனார். மருந்துக் கடையில் விற்கும் காப்ஸ்யூலும் அதே லத்தீன் பெட்டியின் குட்டிதான்.

பெட்டியின் பெயர் பணத்துக்கு எப்படி ஆகும் என்று வியக்க வேண்டியதில்லை. "இன்னைக்குக் கல்லா எவ்வளவுங்க?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டால், பெட்டியின் நீள அகலத்தையா சொல்கிறோம்? கல்லா என்பது பெட்டி. ஆனால் நம் வாயில் அது அன்றைய வசூல். ஐரோப்பிய வியாபாரியின் வாயிலும் இதுவேதான் நடந்தது.

இரண்டாவது 'கேஷ்', நம் நாட்டுச் சிறு செப்பு நாணயத்தின் பெயர். இதுதான் நம் காசு. கடல் வழியாக முதலில் இங்கு வந்த போர்ச்சுகீசியர் நம்மவர் 'காசு' என்று சொல்லக் கேட்டு, அதைத் தங்கள் மொழியில் 'கைஷா' என்று எழுதிக் கொண்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'கைஷா' என்றே பெயர் என்பதுதான் வேடிக்கை. அவர்களைத் தொடர்ந்து வந்த ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' ஆக்கினார்கள். பெட்டியிலிருந்து வந்த சொல்லும் காசிலிருந்து வந்த சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில், ஒரே ஒலியில் வந்து நின்றுவிட்டன. யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்து 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதி, இந்த நாணயப் பெயர் தமிழ்க் காசிலிருந்து வந்திருக்கலாம் என்று காட்டுகிறது. அந்தக் காசும் வடமொழியில் எடையைக் குறிக்கும் 'கர்ஷ' என்பதோடு உறவுடையது என்பாரும் உண்டு, தனித் தமிழ்ச் சொல்லே என்பாரும் உண்டு.

ஆக, பேரேட்டில் எழுதுவது போல எழுதினால், கைரொக்கம் என்ற 'கேஷ்' ஐரோப்பியப் பெட்டியின் பற்று. நாணயம் என்ற 'கேஷ்' நம் காசின் வரவு. முழுவதையும் நம் பேரில் எழுதிக் கொள்வது தப்புக் கணக்கு.

நமக்கு உரிய வரவு சிறிதல்ல

பாதிதானா என்று சோர்வடைய வேண்டாம். நமக்கு உரிய பாதியை எடை போட்டாலே தராசு நன்றாகத் தாழ்கிறது.

பழந்தமிழில் காசு என்பது பொன்மணி, அணிகலனில் கோத்த மணி என்ற பொருளிலும் வந்தது. நம் வீட்டுப் பெண்களின் காசுமாலையில் அந்தப் பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது. பள்ளியில் வெண்பா இலக்கணம் படித்தவர்களுக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடு நினைவிருக்கும். பாட்டு அளக்கவும் காசைப் பயன்படுத்திய மொழி இது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தால் நம் வியாபாரக் கண்ணுக்கு ஒரு செய்தி தெரியும். கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபையாரிடம் வட்டிக்குக் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆயிரம் ஆண்டுக்கு முன் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வாங்கியவர் யார் என்று தனித்தனியே எழுதிய கணக்கு அது.

நம் கொங்கு நாடும் காசுக்குப் புதிதல்ல. கோவை அருகே வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. நொய்யல் கரைக் கொடுமணலில் மணிகள் செய்த பட்டறைகளை அகழாய்வு காட்டியது. பனியன் இங்கிருந்து கப்பலேறுவதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நொய்யல் கரைச் சரக்கு வெளியே போயிருக்கிறது, வெளிக்காசு உள்ளே வந்திருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் ஆண்டபோது 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது வராகன் ஒன்றுக்கு 3,360 காசு. 1803-லும் 1808-லும் இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே இருந்த சோஹோ சாலையில் நம் மாகாணத்துக்கென்று பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்களை அடித்தார்கள். அவற்றின் மேல் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்றே பொறித்திருந்தார்கள். அப்படி ஏற்றி வந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோர மணல் திட்டில் மோதி மூழ்கிற்று. 1980-களில் முக்குளித்தவர்கள் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தைகளில் உப்புக்கும் புளிக்கும் மாறியிருக்க வேண்டிய சில்லறை அது!

1818-ல் சென்னை மாகாணத்துக்கு ரூபாய் வந்தது. வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மாற்றினார்கள். ஒரு ரூபாய்க்கு 960 காசு ஆயிற்று. அத்தோடு கம்பெனியின் காசு ஒழிந்தாலும், திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்ற கணக்கு 20-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. புதுக்கோட்டையில் அம்மன் காசு புழங்கியது. தரங்கம்பாடியில் டேனியர்கள் அடித்த சிறு நாணயத்துக்கும் 'காஸ்' என்றே பெயர். சீனாவின் நடுவில் துளையிட்ட செப்பு நாணயத்தையும் ஐரோப்பியர் இதே பெயரால் அழைத்தார்கள். நம் கடைத்தெருச் சொல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. இதைச் சொல்லிப் பெருமைப்படலாம். இதில் ஒரு குன்றிமணிக்கும் கலப்படம் இல்லை.

கலந்ததால் வந்த வினை

ஒரு சொல்லின் பிறப்பைத் தெரிந்து மளிகைக்காரனுக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். இரண்டு வேறு சொற்கள் ஒரே ஒலியில் கலந்ததால் படித்தவர்களே குழம்புகிறார்கள். அதேபோல இரண்டு வேறு பணம் ஒரே கணக்கில் கலந்தால் குழம்புவது யார்? நாம்தான்.

அண்டை மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தோம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வழியாக வந்த தொகைகளைக் கூட்டிப் பார்த்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீசு அனுப்பியது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பது சட்டம். நோட்டீசு வாங்கியவர்களில் பால்காரரும் காய்கறிக்காரரும் இருந்தார்கள். தங்கள் சரக்குக்கு வரியே இல்லை என்று சிலர் சொன்னார்கள். வந்ததெல்லாம் விற்பனை இல்லை, கைமாற்றும் குடும்பப் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். பெங்களூருக் கடைகளில் 'போன் பணம் வேண்டாம், ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கியது. போராட்ட அறிவிப்புக்குப் பின் அரசு இறங்கி வந்து சமாதானம் சொன்னது.

வந்தது விற்பனைப் பணம் அல்ல என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைக் காட்ட ஏடு இல்லாவிட்டால் உண்மை என்ன செய்யும்? சிறு வியாபாரியைத் திருடனைப் போல நடத்துவது சரியல்ல என்று நாம் உரக்கச் சொல்வோம். நோட்டீசு அனுப்பும் முன் விளக்கம் கேட்க வேண்டும், வரி விலக்குள்ள சரக்கைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அந்த உரிமையைக் கேட்கும் கையில் ஒரு நாள்வழி ஏடு இருக்க வேண்டும்.

போன் பணமே வேண்டாம் என்று ஒதுங்குவதும் நமக்கு வழியல்ல. பனியன் கம்பெனி சம்பளம் பலருக்கு வங்கிக்குப் போகிறது. வடநாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைகள் பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கும் போனைத்தான் நீட்டுகிறார்கள். நாம் வேண்டாம் என்றால் அடுத்த கடைக்குப் போவார்கள். ரொக்கத்துக்கும் எல்லை உண்டு. 2017 ஏப்ரல் முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. மொத்த வியாபாரிகள் இதை மறக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

சொல்லே நமக்கு வழி காட்டுகிறது. பெட்டியில் இருப்பதுதான் கேஷ். போனில் வந்தது பெட்டியில் இல்லை, அது வங்கி வரவு. ஏட்டில் அதற்குத் தனிப் பத்தி வேண்டும். சிட்டையில் எழுதிய வாடிக்கைப் பாக்கி பெட்டியிலும் இல்லை, வங்கியிலும் இல்லை. அது மூன்றாவது பத்தி. கடன் அன்பை முறிக்கும் என்று பலகை மாட்டிவிட்டு, அதற்குக் கீழேயே உட்கார்ந்து கடன் கொடுப்பவர்கள் நாம். கொடுப்பதை எழுதியாவது வைப்போம்.

கடைக்கென்று ஒரு வங்கிக் கணக்கும் அதற்கு ஒரு க்யூ.ஆர். அட்டையும் தனியே இருக்கட்டும். மச்சான் அனுப்பும் கைமாற்றும், சீட்டுப் பணமும், மகள் அனுப்பும் செலவுப் பணமும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். வரி உள்ள சரக்கின் விற்பனையும் வரி இல்லாத சரக்கின் விற்பனையும் பிரிந்து நிற்கட்டும். கடலைக்காய் ஏலத்துக்கு எடுத்துப் போன ரொக்கத்தை எடுத்த அன்றே பற்று எழுதுவோம். இரவு ஷட்டர் இறக்கும் முன் கல்லாவை எண்ணி ஏட்டோடு ஒத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். கணக்குப்பிள்ளை வைக்க வசதி இல்லாத கடைக்கும் நாற்பது பக்க நோட்டு வாங்க வசதி உண்டு.

தஞ்சையில் கல்லில் வெட்டிய கணக்கு ஆயிரம் ஆண்டு தாண்டியும் யார் கேட்டாலும் பதில் சொல்கிறது. நம் நோட்டு ஓர் அதிகாரி கேட்கும்போது பதில் சொன்னால் போதும்.

கேஷ் நம் காசுதானே என்று இனி யாராவது கேட்டால், நாணயத்தின் பெயர் நம்முடையது, கைரொக்கத்தின் பெயர் பெட்டியுடையது என்று பிரித்துச் சொல்வோம். பிரித்துச் சொல்வதும் பிரித்து எழுதுவதும் ஒரே பழக்கம்தான். அந்தப் பழக்கம் உள்ள கடைக்கு எந்த நோட்டீசும் பயம் தராது.