விளையாட்டா, வினையா?

“பிள்ளைகள் விளையாடுகிறார்கள், இதனைப் பெரிதுபடுத்த வேண்டா.” ஆசிரியர் அறையில் நாங்கள் அடிக்கடி கூறும் சொற்கள் இவை. பகடிவதை வேரூன்றுவதற்கு இச்சொற்களும் ஒரு காரணம் என்பதே என் கருத்து.

ஈப்போவைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அங்குப் பிறந்த பிள்ளைகள் நகரப் பள்ளிகளை நாடி வருகின்றனர். அவ்வாறு வந்த மாணவன் ஒருவனை வகுப்பினர் “எஸ்டேட்டுப் பையன்” என்றே அழைத்தனர். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். சில வாரங்களில், வயிற்றுவலி என்று கூறி அவன் பள்ளிக்கு வர மறுத்தான். அவனுடைய தாயார் வந்து கண்கலங்கிய பின்னரே, அச்சிரிப்பு அச்சத்தை மறைக்கும் போர்வை என்பதை உணர்ந்தேன். பூனைக்கு விளையாட்டு, எலிக்கோ சீவன் போகிறது!

விளையாட்டையும் வதையையும் பிரித்தறிவது எங்ஙனம்? இத்துறையில் 1970-ஆம் ஆண்டுகளிலேயே ஆய்வு செய்த அறிஞர் டான் ஒல்வியஸ் மூன்று அடையாளங்களைக் காட்டினார். துன்புறுத்தும் நோக்கம் இருத்தல். அது மீண்டும் மீண்டும் நிகழ்தல். துன்புறுபவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதிருத்தல். அடிப்பது மட்டுமன்று, பட்டப்பெயர் சூட்டுவதும் ஒதுக்கிவைப்பதும் இதனுள் அடங்கும். இரத்தக் காயத்தைக் கண்டால் ஓடி வரும் நாம், உள்ளக் காயத்தைக் காணத் தவறுகிறோம்.

தவறினால் விளைவது யாது? 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தமிழகத்தின் நாங்குநேரியில், சாதியின் பெயரால் சக மாணவர்களின் தொல்லைக்கு ஆளான மாணவன் ஒருவன், தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். அவ்விளைஞன் அதற்கு முன்னரே பள்ளிக்கு வராமல் ஒதுங்கியிருந்தான். வராத பிள்ளையின் வெற்றிடமும் ஒரு முறையீடே அன்றோ? பின்னர் நீதியரசர் சந்துரு தலைமையில் அமைந்த குழு, 2024-இல் தன் அறிக்கையைத் தமிழக அரசிடம் வழங்கியது.

நம் நாட்டிலும் 2025-ஆம் ஆண்டு ஜூலையில், பகடிவதைக்கு எதிரான திருத்தங்கள் தண்டனைச் சட்டத்தில் நடப்புக்கு வந்தன. ஆயினும், சட்டம் குற்றத்தின் பின்னே வருவது. ஆசிரியரின் கண்ணோ அதற்கு முன்னே செல்ல வேண்டும்.

“நாங்கள் ஏச்சும் பேச்சும் கேட்டு வளரவில்லையா?” என்று பெற்றோர் சிலர் வினவுவர். உண்மைதான். தோட்டத்தில் ஏச்சுக் கேட்டு உழைத்த நம் பாட்டன்மார், அந்த ஏச்சு தம் பிள்ளைகளுக்கு வேண்டா என்றல்லவா அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினர்?

ஆதலின் பெற்றோர்களே, பிள்ளை காரணமின்றிப் பள்ளிக்கு வர மறுத்தால், கடிந்துகொள்ளுமுன் எங்களிடம் வந்து கூறுங்கள். மாணவச் செல்வங்களே, நண்பன் துன்புறுவதைக் கண்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது, துணை நிற்பதாகும். ஆசிரியப் பெருமக்களே, “விளையாட்டுத்தானே” என்று கூறுமுன், சிரிக்காமல் நிற்கும் பிள்ளையையும் சிரித்து மழுப்பும் பிள்ளையையும் ஒருமுறை உற்று நோக்குவோமாக!